இணையத் தொலைபேசி: வாய்ஸ்மெயில் வசதிகளை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்

இணையத் தொலைபேசிச் சேவை தேடினால் முதலில் கண்ணில் படுவது வாய்ஸ்மெயில் வசதிகள்தான். நீங்கள் எடுக்காதபோது அழைத்தவர் பேசிவைக்கும் செய்தி ஒலிக்கோப்பாக மின்னஞ்சலுக்கு வரும், எழுத்தாகவும் மாறி வரும், ஆளுக்கொரு வரவேற்புக் குரல் வைக்கலாம். நல்ல வசதிகள்தான். ஆனால் இவற்றை வைத்தே சேவையை முடிவு செய்வது தவறு. அடிக்க வேண்டிய நேரத்தில் மணி அடிக்குமா என்பது எந்த விளம்பரத்திலும் இருக்காது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. வாய்ஸ்மெயில் ஒழுங்காக வருகிறது, அதனால் போனும் ஒழுங்காக இருக்கிறது என்று நம்பிவிடுவது. வாய்ஸ்மெயில் இருப்பது நிறுவனத்தின் சர்வரில். உங்கள் போனோ, சாதாரண போனை இணையத்தோடு இணைக்கும் அடாப்டரோ, ‘நான் இணைப்பில் இருக்கிறேன்’ என்று அந்த சர்வரில் குறிப்பிட்ட இடைவெளியில் தன்னைப் பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும். பதிவு காலாவதியானாலோ, சும்மா கிடக்கும் இணைப்பை ரூட்டர் துண்டித்துவிட்டாலோ, அழைப்பு உங்களிடம் வராமல் நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். அழைத்தவர் நீங்கள் எடுக்கவில்லை என்று நினைப்பார். நாம் அந்த நேரம் பக்கத்தில் இல்லை போல என்று நீங்கள் நினைப்பீர்கள். இப்படியே வாரக்கணக்கில் பழுது தெரியாமல் ஓடும்.

நீங்கள் போன் பக்கத்திலேயே இருந்தும் மணி அடிக்காமல் செய்தி மட்டும் வந்தால், அன்றே கவனியுங்கள். அடாப்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, பதிவு நிலை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மறுபதிவு இடைவெளியைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், பல ரூட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஓர் அமைப்பு இருக்கும். இணைய அழைப்புகள் ரூட்டரைத் தாண்டிப் போக உதவுவதற்காக வைத்ததுதான், ஆனால் அழைப்புத் தகவலை மாற்றி எழுதிக் குழப்புவதே அதிகம். அதை அணைத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

வேகமான இணைப்பு இருந்தால் குரல் தெளிவாக இருக்கும் என்று நினைப்பதும் சரியல்ல. குரலை டிஜிட்டல் தரவாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர். பரவலாகப் பயன்படும் ஜி.711 கோடெக்குக்குத் தேவை நொடிக்கு 64 கிலோபிட்தான். அனுப்புவதற்கான முகவரி போன்ற கூடுதல் தகவலையும் சேர்த்தால் 90-ஐ ஒட்டி வரும். குரல் பாக்கெட் எனும் சிறு துண்டுகளாக, பொதுவாக 20 மில்லி செகண்டுக்கு ஒன்றாக, நொடிக்கு 50 வீதம் போகிறது. அந்தப் பாக்கெட்டுகள் ஒழுங்கான இடைவெளியில் போய்ச் சேர்வதுதான் முக்கியம். ஒருவழித் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் பரிந்துரை. வீட்டில் யாராவது பெரிய வீடியோவை அப்லோடு செய்யும்போது ஒருவருக்குப் போன் போட்டுப் பேசுங்கள். உங்கள் காதுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கலாம், எதிர்முனையில் இருப்பவருக்கோ பாதி வார்த்தை வெட்டுப்படலாம். அப்படியானால் ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

99.9 சதவீதம் இயங்கும் என்ற உறுதிமொழியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் நின்றாலும் அந்த வாக்கு மீறப்படவில்லை. அதுவும் பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வருக்கு மட்டுமான கணக்கு. உங்கள் இணைய இணைப்பும் மின்சாரமும் அதில் சேராது. கரண்ட் போனால் மோடம், ரூட்டர், அடாப்டர் மூன்றுமே அணைந்துவிடும். மூன்றுக்கும் யுபிஎஸ் கொடுங்கள். ரூட்டருக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை. அவசர அழைப்புக்கு ஒரு மொபைலும் கைவசம் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், கூடுதல் வசதிகளில் பணம் கொடுத்தாவது வாங்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் போன் சர்வருக்கு எட்டாதபோது அழைப்பு தானாக மொபைலுக்குத் திரும்புவது. ரூட்டரை அணைத்துவிட்டு, வேறொரு எண்ணிலிருந்து அழைத்து, அது நடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். செய்தியை எழுத்தாக்கும் வசதி பெயர்களிலும் எண்களிலும் தடுமாறும். ஒலிக்கோப்பும் கூடவே வந்தால்தான் அதை நம்பலாம்.

சேவை மாறும்போது பழைய இணைப்பை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். உங்கள் எண்ணைப் புதிய சேவைக்கு மாற்றும் வேலை முடிவதற்குள் ரத்து செய்தால் எண்ணே கைவிட்டுப் போகலாம். முதலில் தற்காலிக எண்ணில் புதிய சேவையைச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள், திருப்தியானால் உங்கள் எண்ணை அதற்கு மாற்றுங்கள். பழைய வாய்ஸ்மெயில் பெட்டியில் உள்ள செய்திகள் எண்ணோடு சேர்ந்து வராது. வேண்டியவற்றை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.