கணினி கிளம்பவில்லையா? பதற்றத்தில் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு, எங்கள் புளோக்கில் நான்கு மாடி கீழே இருக்கும் அக்கா ஃபோன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. காலையில பையன் ஸ்கூல் வேலைய அனுப்பணும்." நான் போய்ச் சேர்வதற்குள் அவர் பவர் பட்டனை அழுத்தி அழுத்தி ஓய்ந்திருந்தார். பையன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தான். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எக்ஸ்டென்ஷனில் விளக்கு எரியவில்லை. சுவர் சுவிட்சை அணைத்து, மூன்று முள் பிளக்கைப் பிடுங்கி, அதற்குள் இருந்த சுண்டுவிரல் நுனி அளவு 13 ஆம்பியர் ஃபியூஸை மாற்றினேன். கணினி ஓடத் தொடங்கிவிட்டது.

அதே எக்ஸ்டென்ஷனில்தான் இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் சேர்ந்து ஓடியிருக்கின்றன. சிங்கப்பூரில் 230 வோல்ட். 13 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 3,000 வாட். அந்த இரண்டும் ஒன்றாக ஓடினால் அதைத் தாண்டிவிடும். ஃபியூஸ் கையில் இல்லையென்று வெள்ளித்தாளைச் சுற்றி ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், வயர் சூடேறித் தீப்பிடிக்கும்.

கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமலேயே கை வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. விளக்கும் இல்லை, விசிறிச் சத்தமும் இல்லை என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் மெமரியையோ (ரேம் எனப்படும் சிறு அட்டை) திரைக்குப் போகும் வயரையோ பாருங்கள். கம்பெனி லோகோ வந்து அதோடு நின்றால் கோப்புகள் இருக்கும் டிஸ்க் அல்லது விண்டோஸில் கோளாறு இருக்கலாம். பட்டனை ஒரே ஒரு முறை அழுத்தி, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். திரையில் ஏதாவது எழுத்து வந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரை கறுப்பாக இருந்தால் உடனே மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பெரிய பலகை) போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்து மேசையை நகர்த்திய மறுநாள் இப்படி ஆவதை நிறைய பார்த்திருக்கிறேன். திரையில் படம் காட்டுவதற்கென்றே தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் எச்டிஎம்ஐ வயரை அந்தக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார்கள், அவ்வளவுதான். அது சரியாக இருந்தால் அப்புறம் மெமரி. நம் ஊர் ஈரக்காற்றில் அதன் பொன்னிற முனைகளில் மெல்லிய படலம் படியும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, பெட்டியின் உலோகத்தை ஒரு முறை தொட்டுவிட்டு மெமரியைக் கழற்றுங்கள். முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பிளக் வயர் வந்து சேரும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று யூடியூபில் சொல்வார்கள். சில நேரம் சரியாகும். ஆனால் விண்டோஸ் உங்கள் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால், அமைப்புகள் மாறியதும் 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்டு நின்றுவிடலாம். அந்த எண் இல்லாமல் உள்ளே போக வழியே இல்லை. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே தேடித் தாளில் எழுதி வையுங்கள்.

டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்...' என்று சத்தம் வந்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். சித்தப்பாவின் பழைய கணினியில் அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு விவரம் பத்தாது. டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். பழுதான டிஸ்க்கில் படிக்கும் முனை தகட்டில் உரசலாம். ஓட ஓடச் சேதம் கூடும். விடிந்தபோது டிஸ்க் சுத்தமாகப் படுத்துவிட்டது. பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள் படங்கள் அதில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை. சித்தப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். விண்டோஸ் பழுதுபார்க்கும் திரைக்கு வந்து 'ரீசெட்' செய்யலாமா என்று கேட்டால் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். எல்லாவற்றையும் அழிக்கும் வழியும் கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழியும் அடுத்தடுத்தே இருக்கும். முடிந்தால் முதலில் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படங்களை நகல் எடுங்கள்.

கைப்பேசியில் தேடி, முதலில் தெரிகிற 'உதவி' எண்ணுக்கு அழைப்பதும் ஆபத்து. கைப்பேசியில் ஏதாவது செயலி போடச் சொன்னாலோ வங்கி விவரம் கேட்டாலோ ஃபோனை வைத்துவிட்டு 1799-க்கு அழைத்துக் கேளுங்கள். மோசடியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள சிங்கப்பூரில் உள்ள ஸ்கேம்ஷீல்டு உதவி எண் அது.

கடைக்குக் கொண்டுபோவதென்றால், சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைத்தொகுதியோ பக்கத்துக் கடையோ, சோதித்துப் பார்க்க மட்டும் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். வேலை தொடங்குமுன் மொத்தச் செலவையும் எழுதி வாங்குங்கள். இப்போதெல்லாம் நான் யாருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் அதன்மேல் டேப் ஒட்டி, மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுகிறேன்: 'உள்ளே குடும்பப் படங்கள். கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்.' தமிழில் ஒரு வரி, கடைக்காரருக்காக ஆங்கிலத்தில் ஒரு வரி.