வடிகால் வெட்டிய பீட் மண்ணில் பாஸ்பரஸின் வடிவங்களைப் பிரித்தறிவது எப்படி?

நீர் தேங்கிய இடத்தில் தாவர எச்சங்கள் முழுதும் மக்காமல் சேர்ந்து உருவான பீட் நிலத்தில் வடிகால் வெட்டிப் பயிரிடும்போது, அதுவரை நீருக்குள் இருந்த மண்ணில் காற்று புகுகிறது. கரிமப் பொருள் விரைந்து சிதைய, அதில் பிணைந்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு, உரமாக இட்ட பாஸ்பரஸோடு சேர்ந்து இரும்பு ஆக்சைடுகளில் ஒட்டிக்கொள்கிறது. அந்நிலத்தில் மீண்டும் நீரைத் தேக்கினால் இரும்பு ஒடுக்கமடைந்து கரையும். பாஸ்பரஸும் உடன் வெளியேறி ஓடைகளை அடையும். ஆகவே, மீட்புப் பணிக்கு முன் மொத்தப் பாஸ்பரஸை மட்டும் அளப்பது போதாது.

மேலுள்ள கறுத்துச் சிதைந்த அடுக்கையும், கீழே நார்கள் கண்ணுக்குத் தெரியும் அடுக்கையும் தனித்தனியே, கன அளவு தெரிந்த குழாயால் எடுக்க வேண்டும். பையில் காற்று எஞ்சாமல் அழுத்தி மூடி, இருட்டில் 4 டிகிரி செல்சியஸில் வைத்து, சில நாட்களுக்குள் பகுப்பாய்வைத் தொடங்குவது நல்லது. மண்ணை உலர்த்தவே கூடாது. உலர்த்தினால் நுண்ணுயிர்களின் செல்கள் வெடித்து நீரில் கரையும் பாஸ்பரஸ் கூடிவிடும், இரும்பும் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். ஈரப்பதத்தை அறிய வேறொரு பகுதியை 105 டிகிரியில் உலர்த்திக்கொள்ளலாம்.

பிறகு, ஒரே ஈரமண்ணை அடுத்தடுத்து நான்கு கரைசல்களில் குலுக்கி, ஒவ்வொரு முறையும் மையவிலக்கியில் சுழற்றி மேலே தெளியும் சாற்றைப் பிரிக்க வேண்டும். அம்மோனியம் குளோரைடு எளிதில் கரைவதையும், பைகார்பனேட் கலந்த டைதியோனைட் (இரும்பை ஒடுக்கிக் கரைக்கும் உப்பு) இரும்போடு பிணைந்ததையும், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு அலுமினியத்தோடும் ஹியூமிக் பொருள்களோடும் (மக்கிய தாவரங்களிலிருந்து உருவாகும் கரும்பழுப்புக் கரிமப் பொருள்கள்) இருப்பதையும், 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கால்சியத்தோடு இருப்பதையும் பெரும்பாலும் எடுக்கும். எஞ்சியதை அமிலத்தில் செரித்து அளக்கலாம். இவை வேதிச் சேர்மங்களின் துல்லியமான பெயர்கள் அல்ல, கரையும் விதத்தைக் காட்டும் வகைகள் மட்டுமே.

சாறுகளில் உள்ள பாஸ்பேட்டை மாலிப்டேட்டோடு வினைபுரியச் செய்து நீல நிறமாக்கும் மாலிப்டினம் நீல முறையில் நிறத்தை அளக்கும்போது இரண்டு இடங்களில் தவறு நேரும். டைதியோனைட் நிறம் உருவாவதைத் தடுப்பதால், அக்கரைசலில் முதலில் காற்றைச் செலுத்தி அதை ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு தரும் காரச் சாறோ தேயிலைச் சாயம்போல் கறுத்திருக்கும்; அதில் அமிலம் சேர்த்தால் ஹியூமிக் அமிலம் பழுப்புத் திரளாகப் படியும், அதை வடிகட்டிய பிறகே கனிமப் பாஸ்பரஸை அளக்க வேண்டும். வடிகட்டாத சாற்றைச் செரித்துப் பெறும் மொத்தத்திலிருந்து இதைக் கழித்தால், கரிமப் பாஸ்பரஸின் அளவு கிடைக்கும்.

வடிகாலால் மண் அமுங்கி இறுகிவிடுவதால், முடிவுகளைக் கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் தராமல் கன அளவுக்கும் தர வேண்டும். டைதியோனைட் சாற்றில் இரும்பையும் அளந்து, ஒரு மோல் பாஸ்பரஸுக்கு எத்தனை மோல் இரும்பு என்ற விகிதத்தைக் கணக்கிடுவது மிகவும் பயன்தரும். அவ்விகிதம் குறைவாக உள்ள, அதாவது பாஸ்பரஸைப் பிடித்துவைக்கப் போதிய இரும்பு இல்லாத மேலடுக்கை, நீரைத் தேக்குமுன் அகற்றலாமா என்று பரிசீலிக்க வேண்டும்.