ஆஷ்வில்லில் ஒரு மாலை: மூன்று பீர் ஆலைகள், சிறு கோப்பைகள், கொஞ்சம் நடை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஆஷ்வில் நகரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 94,589 பேர்தான். ஆனாலும் நகர மையத்திலிருந்து தெற்கே இறங்கும் ‘சவுத் ஸ்லோப்’ என்ற சரிவில் மட்டுமே, ஒரே மாலையில் சுற்றி முடிக்க இயலாத அளவுக்குக் கிராஃப்ட் ப்ரூவரிகள், அதாவது சிறிய அளவில் தம் கைப்பக்குவத்தில் பீர் காய்ச்சும் ஆலைகள், நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அனைத்தையும் பார்த்துவிட முடியாது என்று முதலிலேயே ஏற்றுக்கொண்டு கிளம்புவது நல்லது. நண்பர்கள் நால்வராக நாங்கள் முதல்முறை சென்றபோது ஒரே மாலையில் ஆறு இடங்களுக்குப் போனோம். நான்காவது இடத்தில் குடித்தது என்ன என்பது பற்றி மறுநாள் காலையில் நால்வரிடமும் நான்கு விதமான பதில்கள் இருந்தன. அதன் பிறகு சென்றபோதெல்லாம் மூன்று இடங்களோடு நிறுத்திக்கொண்டேன். அந்த மூன்றையும் எப்படித் தேர்ந்தெடுப்பது, எந்த வரிசையில் குடிப்பது, எப்படி நிதானம் தவறாமல் அறைக்குத் திரும்புவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் சுவை கூடும். ஜமைக்காவில் சீனக் குடும்பத்தில் பிறந்து, பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆஸ்கர் வாங் என்பவர், 1994இல் பில்ட்மோர் அவென்யூவில் ஓர் உணவகத்தின் நிலவறையில், பால்பண்ணைக்கு உரிய பழைய பாத்திரங்களை மாற்றியமைத்துத் தொடங்கிய ஹைலண்ட் ப்ரூவிங்தான் இந்த நகரின் பீர்த் தொழிலுக்குத் தொடக்கப் புள்ளி. அப்போது வட கரோலினாவில் 6 சதவீத ஆல்கஹாலுக்கு மேற்பட்ட பீரை விற்கச் சட்டம் இடம் தரவில்லை. பீர் விரும்பிகள் திரண்டு நடத்திய இயக்கத்தின் பயனாக 2005இல் அந்த வரம்பு 15 சதவீதமாக உயர்ந்தது. 2009 முதல் 2012 வரை ‘பீர் சிட்டி யுஎஸ்ஏ’ என்ற இணைய வாக்கெடுப்பில் ஆண்டுதோறும் ஆஷ்வில் முதலிடத்தைத் தனித்தோ பகிர்ந்தோ பெற்றது. பட்டத்தைவிடச் சட்டத் திருத்தம்தான் உங்களுக்கு முக்கியமானது. ஏனென்றால் சுவரில் தொங்கும் பலகையில் லாகர் என்ற 4.5 சதவீத இலேசான பீரும், ஸ்டவுட் என்ற 10 சதவீதக் கருநிற பீரும் இன்று அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. பெயரைப் பார்ப்பதற்கு முன் அந்தச் சதவீதத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இங்கே ‘ஃப்ளைட்’ என்று கேட்டால், ஒரு மரப்பலகையில் நான்கு சிறு கோப்பைகளை வைத்துத் தருவார்கள்; ஒவ்வொன்றும் பெரும்பாலும் 4 அவுன்ஸ், அதாவது 120 மில்லிக்குச் சற்றுக் குறைவு. நான்கும் சேர்ந்தால் ஒரு முழு பைன்ட், 473 மில்லி. அமெரிக்கக் கணக்கில் 5 சதவீத பீர் 355 மில்லி என்பது ஓர் அளவு மது. உடல் அதைக் கரைக்கத் தோராயமாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. சராசரியாக 6.5 சதவீதம் கொண்ட நான்கு கோப்பைகள் ஏறத்தாழ ஒன்றே முக்கால் அளவாகின்றன. மூன்று இடங்களில் ஆளுக்கொரு ஃப்ளைட் என்றால் ஐந்து அளவைத் தாண்டிவிடும். கோப்பை சிறியதாக இருப்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே இருவருக்கு ஒரு ஃப்ளைட் என்று பகிர்ந்துகொள்ளுங்கள். அதே பன்னிரண்டு பீர்களையும் சுவைப்பீர்கள், ஆனால் பாதி அளவுதான் உள்ளே போகும். மலையூர் என்பதால் போதை சீக்கிரம் ஏறும் என்று சிலர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். இது ஏற்காட்டின் பாதி உயரம்கூட இல்லை. சீக்கிரம் ஏறினால் காரணம் வெறும் வயிறாகத்தான் இருக்கும்.

ஆகவே முதலில் சாப்பாடு. பல ஆலைகளில் சமையலறை கிடையாது. முற்றத்தில் நிற்கும் உணவு வண்டியை நம்ப வேண்டியிருக்கும், அந்த வண்டி அன்று வராமலும் போகலாம். இட்லி, தோசை இல்லாவிட்டாலும் நம் நாக்குக்குப் பழகிய காரம் வேண்டுமென்றால், 2022இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் தலைசிறந்த உணவகத்துக்கான விருதைப் பெற்ற ‘சாய் பானி’ இதே ஊரில்தான் இருக்கிறது. சாட் வகைகளுக்குப் பெயர் பெற்ற கடை அது. ஆனால் காரமான உணவை, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவை அதிகம் சேர்த்துக் காய்ச்சும் ஐபிஏ வகை பீருடன் சேர்க்காதீர்கள். ஹாப்ஸின் கசப்பும் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலைத் தூண்டிவிடும். காரத்துக்கு இதமானவை முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டின் இனிப்பு கொண்ட பழுப்பு நிற பீர்களே.

மாலை நான்கு மணிக்குத் தொடங்குவது என் வழக்கம். வார நடுவில், குறிப்பாக புதன், வியாழக்கிழமைகளில் கூட்டம் குறைவு. பீர் ஊற்றுபவர் உங்களோடு நின்று பேசுவார், இந்த மாலையின் பாதிச் சுவை அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சென்றால் கூட்டம் நெருக்கும், ஆனால் வெயில் காலங்களில் ப்ரிட்சர்ட் பூங்காவில் ஊரார் கூடித் தாளக்கருவிகள் முழக்குவதைப் பார்க்கலாம். அக்டோபரில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க வருபவர்களால் அறை வாடகை ஏறிவிடும். பொழுது சாய்ந்ததும் குளிர் இறங்கும் என்பதால், முற்றத்தில் உட்கார ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும். 21 வயது நிரம்பியதற்கான சான்று கட்டாயம். தலை நரைத்தவர்களிடமும் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பதுதான் வம்பில்லாத வழி.

காரை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். இரத்தத்தில் 0.08 சதவீதம் ஆல்கஹால் இருந்தாலே இங்கு ஓட்டுவது குற்றம். சவுத் ஸ்லோப்புக்குக் காரும் தேவையில்லை. ஒரு காலத்தில் வண்டி விற்கும் கடைகளும் பழுதுபார்க்கும் பட்டறைகளுமாக இருந்த பகுதி அது. பட்டறைகளின் உயர்ந்த கூரையும், லாரி நுழையும் அகலக் கதவும், கனத்தைத் தாங்கும் சிமெண்ட் தரையும் எஃகுத் தொட்டிகளுக்கு அப்படியே பொருந்திவிட்டதால்தான் ஆலைகள் அங்கே குவிந்தன. பெயர் சொல்வதுபோலவே அது சரிவு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். போகும்போது இறக்கம் சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் ஏற்றம் தெரியும். ஆகவே கீழே இருக்கும் ஆலையில் தொடங்கி மேல்நோக்கி நகர்ந்து வந்தால், ஏற்றத்தை இரண்டு மூன்று துண்டுகளாக ஏறிவிடலாம்.

முதல் இடமாக பக்ஸ்டன் அவென்யூவில் உள்ள கிரீன் மேனைச் சொல்வேன். 1997இல் ஒரு மதுக்கூடத்தோடு சேர்ந்து பிறந்த ஆலை இது. இங்கிலாந்து மரபில் காய்ச்சுகிறவர்கள். அவர்களது ‘ஈஎஸ்பி’யைக் கேளுங்கள். ‘எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் பிட்டர்’ என்ற அதன் விரிவான பெயரில் கசப்பைக் குறிக்கும் ‘பிட்டர்’ என்ற சொல் இருந்தாலும், பாகற்காய் தின்று வளர்ந்த நமக்கு அது கசப்பே அல்ல. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் ரஸ்க் வாசமும், பாகு காய்ச்சும்போது கிளம்பும் வாசமும் எழும். குளிர் சற்று அடங்கிய பிறகு அந்த வாசம் இன்னும் திறந்துகொள்ளும் என்பதால், கோப்பையை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் பிடித்திருங்கள். அமெரிக்கர்கள் பீரை அளவுக்கு மீறிக் குளிரவைக்கிறார்கள் என்பது என் கட்சி.

தண்ணீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆஷ்வில்லின் குடிநீர் பெரும்பாலும் காடு சூழ்ந்த நார்த் ஃபோர்க் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. தாதுக்கள் மிகக் குறைந்த மென்னீர் அது. காய்ச்சுபவருக்கு அது வெற்றுப் பலகை போன்றது. கசப்பு தெளிவாக எழ வேண்டுமென்றால் ஜிப்சம் சேர்ப்பார், மால்ட்டின் உருண்ட சுவை வேண்டுமென்றால் கால்சியம் குளோரைடு சேர்ப்பார். கடினநீர் ஊர்க்காரருக்கு உப்பைக் கழிக்கும் வேலை. இவர்களுக்குச் சேர்க்கும் வேலை மட்டுமே. அந்தத் தண்ணீர்தான் 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயலில் கலங்கிப்போனது. முதன்மைக் குழாய்கள் அடித்துச் செல்லப்பட்டன, நீர்த்தேக்கம் சேறானது. காய்ச்சாமல் குடிக்கலாம் என்ற அறிவிப்பு நவம்பர் 18 அன்றுதான் வந்தது. சவுத் ஸ்லோப் மேட்டில் இருந்ததால் வெள்ளம் புகவில்லை. ஆனால் பிரெஞ்ச் பிராட் ஆற்றங்கரையில் இருந்த ரிவர் ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட் மூழ்கியது, அங்கிருந்த நியூ பெல்ஜியம் ஆலைக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. எனவே, ஆற்றங்கரைப் பக்கம் செல்ல விரும்பினால், எந்தக் கடை எந்த நாளில் திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். பீர் ஊற்றுபவரிடம் புயல் நாட்களைப் பற்றிக் கேட்டால் சொல்வார்; கூட்டம் நெரியும் வேளையில் மட்டும் கேட்காதீர்கள்.

இரண்டாவது இடம், சில நிமிட நடையில் கோலியர் அவென்யூவில் இருக்கும் பரியல். 2013இல் மிகச் சிறிய கருவிகளோடு தொடங்கியவர்கள். கலங்கலான ஐபிஏவைச் சுவைக்க ஏற்ற இடம் இது. கண்ணாடிக் கோப்பையில் மாம்பழச் சாறு ஊற்றியதுபோல் நிற்கும். முகர்ந்தால் கமலா ஆரஞ்சின் தோலை நகத்தால் கீறியபோது தெறிக்கும் வாசம் வரும். பழம் எதுவும் போடுவதில்லை, அத்தனையும் ஹாப்ஸ் பூவின் எண்ணெய். ஹாப்ஸைக் கொதியில் போட்டால் கசப்பு இறங்கும், வாசம் ஆவியாகிவிடும். ஆகவே கொதித்து ஆறி, ஈஸ்ட் வேலை செய்யும் தொட்டிக்கு வந்த பிறகு இன்னொரு முறை அள்ளிப் போடுகிறார்கள். ரசத்தை இறக்கிய பிறகு கொத்தமல்லி தூவுகிறோமே, அதே சூட்சுமம்தான். அந்த வாசம் நாள்பட நிற்காது என்பதால், டின்னில் வாங்கினால் அடியில் அச்சிட்ட அடைத்த தேதியைப் பாருங்கள். மாதக்கணக்கில் பழையதை நான் வாங்குவதில்லை.

இந்த இடத்தில் ஃப்ளைட் வாங்கினால் வரிசை முக்கியம். வெளிர் நிற லாகரில் தொடங்கி, பிறகு ஐபிஏ, கடைசியில் ஸ்டவுட். முதலிலேயே 10 சதவீத ஸ்டவுட்டில் தொடங்கினால், அதன் வறுத்த காபிக் கசப்பு நாக்கில் படிந்து, பின்னால் வரும் லாகர் வெறும் சோடாவாகத் தெரியும். கோப்பைக்குக் கோப்பை ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர்க் குடம் பெரும்பாலும் ஒரு மூலையில் நீங்களே எடுத்துக்கொள்ளும்படி இருக்கும். எதை வாங்குவது என்று தெரியாவிட்டால், ‘சிறந்தது எது’ என்று கேட்காமல், உங்களுக்குப் பிடித்த சுவையைச் சொல்லிக் கேளுங்கள்: புளிப்பா, காபியா, பழமா என்று. ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் கொடுப்பார்கள். மூன்று முறைக்கு மேல் கேட்பது நாகரிகமன்று.

மூன்றாவது இடம், ஏற்றத்தில் பில்ட்மோர் அவென்யூவில் 2012இல் திறந்த விக்கெட் வீட். இங்கே சமையலறை உண்டு என்பதால் இரவு உணவை இங்கே வைத்துக்கொள்ளலாம். இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தவை புளிப்பு பீர்கள். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் உறவான லாக்டோபாசிலஸ், பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் ஆகியவற்றோடு மரப்பீப்பாயில் மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் கிடத்திவைத்து எடுப்பது இந்த வகை. முதல் முகர்வில் நனைந்த சாக்கின் நெடி அடித்தால் கெட்டுவிட்டதென்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஈஸ்ட்டின் குணமே அது. இரண்டாவது வாயில் நெல்லிக்காய்ப் புளிப்பு தெரியும், மூன்றாவது வாயில் பிடிக்கும் அல்லது பிடிக்கவே பிடிக்காது. புளிப்பு நாக்கை மரக்கச் செய்வதால் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

2017இல் இந்த ஆலையை ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ் என்ற பெருநிறுவனம் வாங்கியபோது சிறு ஆலைக்காரர்கள் கொதித்தார்கள். இவர்கள் நடத்திய விழாவிலிருந்து பலர் விலகினார்கள். கோப்பையில் இருக்கும் பீருக்கு அதனால் குறையொன்றும் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் பணம் உள்ளூர் உரிமையாளரிடமே போக வேண்டும் என்று நினைப்பவர்கள், இதற்குப் பதிலாக, ஹில்லியர்ட் அவென்யூவில் 2013இல் தொடங்கிய ஹை-வயருக்குப் போகலாம். அங்கே லாகர் நன்றாக இருக்கும்.

பணம் கொடுப்பதில் ஒரு யோசனை. அட்டையைக் கொடுத்து ‘டேப்’, அதாவது கடைசியில் மொத்தமாகக் கட்டும் கணக்கு, திறந்துவைத்தால், கிளம்பும்போது மறந்துவிட்டு வருவது எளிது. எங்கள் ஆறு இடப் பயணத்தில் ஒருவர் அட்டையைத் தேடி மறுநாள் மூன்று கதவுகளைத் தட்டினார். வாங்கும்போதே கணக்கை முடித்துவிடுங்கள். ஊற்றுபவருக்கு 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது வழக்கம். கோப்பையோடு வாசலைத் தாண்டித் தெருவுக்கு வராதீர்கள். முற்றங்களில் நாய்களும் குழந்தைகளும் இருப்பார்கள். குடிக்காதவரும் கூச்சமின்றி உட்காரலாம், பல இடங்களில் ஆல்கஹால் இல்லாத பானங்கள் கிடைக்கும்.

பிடித்த பீரை வீட்டுக்கு எடுத்துப்போக விரும்பினால், குழாயிலிருந்து நேரே 32 அவுன்ஸ் டின்னில் அடைத்து மூடித் தரும் ‘க்ரவுலர்’ இருக்கிறதா என்று கேளுங்கள். நிற்கவைத்தே குளிரில் வைத்து, சில நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். மறுநாள் காரில் கிளம்புகிறீர்கள் என்றால் திறக்காத டின்னைப் பின்பெட்டியில் வையுங்கள். விமானம் என்றால், ஒரு துணியில் சுற்றி, நெகிழிப் பையில் கட்டி, ஏற்றி அனுப்பும் பெட்டிக்குள் நடுவில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.