பால் ஒத்துக்கலையா? அலர்ஜியையும் லாக்டோஸையும் குழப்பிக்கிட்டு நாம பண்ற தப்புகள்

"குழந்தைக்கு பால் ஒத்துக்கல"ன்னு நம்ம ஊர்ல ஒரே வார்த்தைல முடிச்சிடுவோம், ஆனா அதுக்குள்ள ரெண்டு வேற வேற விஷயம் இருக்கு. அலர்ஜின்னா பால்ல இருக்குற புரோட்டீன் உடம்போட எதிர்ப்பு சக்திக்கு ஆகல, லாக்டோஸ் பிரச்சனைன்னா பால்ல இருக்குற லாக்டோஸ்ங்கிற சர்க்கரையை செரிக்க வைக்கிற என்சைம் குடல்ல பத்தல.

எங்க வீட்டு கதையே சொல்றேன். பொண்ணுக்கு 4 மாசம், மோஷன்ல சளியோட நூல் நூலா ரத்தம், கன்னமெல்லாம் சொரசொரன்னு தடிப்பு. நாங்களா மெடிக்கல்ல கேட்டு லாக்டோஸ் ஃப்ரீ டின் வாங்கி ஒரு வாரம் கரைச்சு குடுத்தோம், ஒண்ணும் குறையல. அப்புறம் டின்னை திருப்பி படிச்சா பசும்பால் புரோட்டீன் அப்படியே இருக்கு, சர்க்கரைய மட்டும் எடுத்தா அலர்ஜி எப்படிங்க போகும்? அதுக்கு புரோட்டீனையே பொடிப்பொடியா உடைச்ச பவுடர் தனியா இருக்கு, டாக்டர்தான் எழுதித் தரணும்.

அடுத்து ஆட்டுப்பால். பசும்பால் அலர்ஜி இருக்குற 10 குழந்தைல 9 பேருக்கு அதுவும் ஆகாது, ரெண்டு புரோட்டீனும் அவ்ளோ ஒத்துப்போகும். தெருவுல கறந்து சங்குல ஊத்துற கழுதைப்பால் பத்தி கேக்கவே வேணாம், காய்ச்சாத பால், கிருமிதான் உள்ள போகும்.

தாய்ப்பாலை நிறுத்துறதுதான் எனக்கு ரொம்ப கோவம் வர்ற தப்பு. தாய்ப்பால்லயே 100 மில்லிக்கு சுமார் 7 கிராம் லாக்டோஸ் இருக்கு, அம்மா காப்பிய விட்டாலும் அது குறையாது. அலர்ஜின்னாதான் அம்மா பத்தியம், டாக்டர் சொன்னா 2 முதல் 4 வாரம் பால், தயிர், மோர், பனீர், ஏன் ரஸ்க்கு கூட (பாக்கெட்ல மில்க் சாலிட்ஸ்னு போட்டிருக்கும்) விட்டுட்டு, குறைஞ்சா திரும்ப சாப்பிட்டு பாக்கணும், இந்த கடைசி ஸ்டெப்பை பாதி பேர் பண்றதே இல்ல, அதனால நெஜமாவே அலர்ஜியான்னு தெரியாமலே அம்மா மாசக்கணக்குல பட்டினி மாதிரி கெடக்குறாங்க.

பேதிக்கு அப்புறம் மோஷன் நுரையா, புளிச்ச வாடையோட போயி பின்பக்கம் செவந்தா லாக்டோஸா இருக்கலாம், குடல் ஆறினதும் சில வாரத்துல தானா சரியாகும். பொறக்கும்போதே அந்த என்சைம் இல்லாம இருக்குறது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

பால் குடிச்ச கொஞ்ச நேரத்துல உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு வாங்குனா மட்டும் கூகுள் பண்ணிட்டு இருக்காதீங்க, உடனே 108. அந்த குழந்தைக்கு "இப்ப ஒத்துக்குதா பாப்போம்"னு வீட்ல ஒரு ஸ்பூன் கூட ஊத்திப் பாக்கக் கூடாது, அதை ஆஸ்பத்திரில வச்சுதான் பண்ணுவாங்க.