இணைய வகுப்பில் கற்பவர் வழி தவறாமல் இருக்க

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியிலும் தமிழ் வழியில் படித்தவர்கள் ஏராளமாக இருக்கிறோம். வில்லேஜ் ஆபீஸுக்கோ பஞ்சாயத்து அலுவலகத்துக்கோ போனால் கையில் தரப்படும் தாள் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும். அந்தத் தாளைப் படிக்கவும் நிரப்பவும் பெரியவர்களுக்குக் கற்றுத் தருவதற்காக, இணைய வகுப்புகளை நடத்த உதவும் மூடில் தளத்தில் 8 வாரப் பாடம் ஒன்றை அமைத்தேன். முதல் முறை அமைத்தபோது எழுத்துப் பட்டியல், காணொளி, பயிற்சித்தாள், பழைய விண்ணப்பங்களின் படம் என்று என்னிடம் இருந்த அனைத்தையும் முதல் பக்கத்திலேயே வரிசையாக ஏற்றி வைத்தேன். எதையும் ஒளிக்காமல் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவு எனக்கு இருந்தது. கஞ்சிக்கோட்டில் வேலை முடித்து இரவு எட்டரை மணிக்கு வீடு திரும்பும் ஒரு பெண், மூன்றாம் நாள் என்னை அழைத்து, "டீச்சர், இன்னைக்கு நான் எதைத் தொடணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இணைய வகுப்பை அமைப்பவர் வேறு எந்த வேலைக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது அதுதான்.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 1 அன்று, கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் கேரள அரசு தொடங்கிய 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளை நினைத்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வழி வகுப்புகளும் கிடைத்தன. தொலைக்காட்சியில் கேள்வி கேட்க முடியாது, விட்ட இடத்துக்குத் திரும்பவும் முடியாது என்றாலும், எந்த நேரத்தில் எந்த வகுப்பு என்று தெரிந்தால் போதும், பிள்ளை வழி தவறுவதற்கு இடமே இல்லை. இணைய வகுப்பிலோ பல கதவுகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்கிறோம். எந்தக் கதவு முதலில் என்று சொல்லும் பொறுப்பு அமைப்பவருடையது.

ஆகவே முதல் பக்கத்தில் மூன்று செய்திகள் மட்டும் இருக்கட்டும். இந்த வகுப்பு முடியும்போது கற்பவர் எதைச் செய்யத் தெரிந்தவராக இருப்பார் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். மூன்றாவதாக, 'இங்கே தொடங்குங்கள்' என்ற ஒரே ஒரு பொத்தானை வையுங்கள். இவற்றோடு ஆசிரியரின் குரலில் ஒரு நிமிட வரவேற்பு இருந்தால் நல்லது. அந்த வரவேற்பு கற்பவர்களின் வீட்டுத் தமிழில் இருக்கட்டும். எழுதி வைத்த வரவேற்புரையைப் படிக்காமல், திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசுங்கள். பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்துப் படிக்க வருபவருக்கு 'தன்னால் முடியுமா' என்ற தயக்கம் இருக்கும். அதை எந்த அலங்காரப் படத்தை விடவும் பழக்கமான குரல் எளிதாகப் போக்கிவிடும்.

அடுத்தது பெயர்கள். 'அலகு 3: வினைச்சொற்கள்' என்பது ஆசிரியரின் கணக்குக்கு உதவும் பெயர், கற்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை. அதையே 'வாரம் 3: வில்லேஜ் ஆபீஸுக்கு விண்ணப்பம் எழுதுதல்' என்று மாற்றினால், எதற்காக உள்ளே போகிறோம் என்பது தொடுவதற்கு முன்பே விளங்கிவிடும். கோப்புகளுக்கும் இதே விதிதான். 'புதியது, இறுதி, 2' என்று முடியும் கோப்புப் பெயர் உங்கள் கணினியோடு நின்றுவிடட்டும். கற்பவர் பார்க்கும் இடத்தில் 'பயிற்சித்தாள்: நில வரி ரசீதைப் படித்தல், 2 பக்கம்' என்று எழுதுங்கள்.

வாரங்கள் அனைத்தும் ஒரே அச்சில் இருப்பது மிக முக்கியம் என்று நான் கருதுகிறேன். 2017-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளம் ஒவ்வொரு பாடத்தையும் காணொளி விரிவுரை, படிக்கும் பகுதி, தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என்ற நான்கு பகுதிகளாக அமைக்கச் சொல்கிறது. உங்கள் பகுதிகள் வேறாக இருக்கலாம். என் வகுப்பில் கேட்க, படிக்க, எழுதிப் பார்க்க என்று மூன்றுதான். ஆனால் முதல் வாரத்தில் காணொளி மேலேயும் பயிற்சி கீழேயும் இருந்தால், எட்டாம் வாரம் வரை அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் புதுமையாக இருக்கட்டும் என்று இடத்தை மாற்றுவது, சமையலறையில் உப்பு டப்பாவைத் தினமும் வேறு அலமாரியில் வைப்பதற்குச் சமம். வழி பழகிவிட்டால்தான் கற்பவரின் கவனம் முழுவதும் பாடத்தின் பக்கம் திரும்பும். மூடிலில் ஒரு பக்கத்தில் ஒரு வாரம் மட்டும் தெரியும்படி அமைக்கலாம். முடித்த வேலைக்கு எதிரே தானாக டிக் விழும்படியும் செய்யலாம். இரண்டையும் தவறாமல் பயன்படுத்துங்கள். வரப்போகும் வாரங்களை முற்றிலும் மறைத்துவிட வேண்டாம். பாடம் பூட்டியிருந்தாலும் தலைப்பும் திறக்கும் நாளும் தெரிந்தால், இன்னும் எவ்வளவு தூரம் என்று அவர்கள் கணக்கிட்டுக்கொள்வார்கள்.

காணொளியின் நீளம் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான அந்த ஆய்வு, குறுகிய காணொளிகளையே மாணவர்கள் மிகுந்த ஈடுபாட்டோடு பார்க்கிறார்கள் என்றும், 6 நிமிடத்துக்குள் முடிவது நல்லது என்றும் காட்டியது. எங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விநாடிக்கு 500 கிலோபிட் அளவில் பதிவான 6 நிமிடக் காணொளி ஏறத்தாழ 22 எம்பி இருக்கும். 64 கிலோபிட் அளவில் வெறும் ஒலியாகப் பதிந்தால் அதே 6 நிமிடம் 3 எம்பிக்குள் முடிந்துவிடும். நாள் ஒன்றுக்கு இவ்வளவுதான் டேட்டா என்று, வீட்டில் ஒரே போனை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், இந்த வேறுபாடு வகுப்பைத் தொடர்வதற்கும் விடுவதற்கும் உள்ள வேறுபாடாகிவிடுகிறது. எனவே ஒவ்வொரு காணொளியின் அருகிலும் அதன் ஒலி வடிவத்தையும், பேசியதன் எழுத்து வடிவத்தையும் வைக்கிறேன். மூடில் செயலியில் பாடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு இணைப்பு இல்லாதபோதும் படிக்கலாம் என்பதை முதல் வாரத்திலேயே செய்து காட்டிவிடுங்கள்.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை, இன்று போன்களும் கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோட் முறை அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய பாடத்தை அப்படியே ஒட்டினால், போனில் புரியாத குறிகளாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். தாளைப் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்குவதைக் கூடிய வரை தவிர்த்து, உரையாகவே தட்டச்சு செய்யுங்கள். நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறிகள் வருவதால் வரிகளுக்கு இடையே தாராளமாக இடம் விட வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மைக்கான நெறிமுறை. இள மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து எவ்வளவு அழகாகத் தோன்றினாலும் அதை எட்டாது.

பயிற்சிகளில் விடை தவறினால் 'தவறு' என்று மட்டும் காட்டி நிறுத்தாதீர்கள். என் வகுப்பில் அநேகமாக எல்லோரும் தடுமாறும் சொல் 'அவசரம்'. நமக்கு அது விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. யாராவது 'விரைவு' என்பதைத் தேர்ந்தால், "தமிழில் நீங்கள் சொல்வது சரி. மலையாளத்தில் இச்சொல் வாய்ப்பைக் குறிக்கும். வாரம் 2-இன் இரண்டாம் ஒலிப்பதிவை மீண்டும் கேளுங்கள்" என்று தோன்றும், அந்த வரியைத் தொட்டால் நேராக அந்த ஒலிப்பதிவே திறக்கும். தவறு செய்தவரைத் தேட விடாமல் உரிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் வழிகாட்டுதல்தான். வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் அனுப்பும்போதும் முகப்புக்கு இணைப்புத் தராமல், அன்றைய பாடத்துக்கே தாருங்கள்.

எல்லாம் முடிந்ததும், வகுப்பைத் திறந்துவிடும் முன், கற்பவர் ஒருவரின் அருகில் உட்காருங்கள். அவருடைய சொந்த போனிலேயே மூன்று வேலைகளைச் செய்யச் சொல்லுங்கள்: இன்றைய பாடத்தைத் திறப்பது, ஒரு பயிற்சியை அனுப்புவது, சென்ற வாரத்துப் பாடத்துக்குத் திரும்புவது. உதவ வேண்டும் என்று கை பரபரக்கும், பேசாமல் இருங்கள். நான் மாற்றி அமைத்த வகுப்பை அதே பெண்ணிடம்தான் முதலில் கொடுத்தேன். முதல் இரண்டும் சட்டென்று முடிந்தன. மூன்றாவதில், பின்செல்லும் பொத்தானை மூன்று முறை அழுத்தி, செயலியை விட்டே வெளியே வந்துவிட்டு, தான் ஏதோ கெடுத்துவிட்டதுபோல என் முகத்தைப் பார்த்தார். தவறு அவருடையது அல்ல. ஒவ்வொரு வாரத்தின் அடியிலும் 'எல்லா வாரங்களும்' என்ற இணைப்பை நான் வைக்கவில்லை. அன்றிரவே எட்டு வாரங்களிலும் அதைச் சேர்த்தேன். மறுநாள் அவரிடம் மீண்டும் போனைக் கொடுத்தபோது, கீழே தள்ளி, அந்தச் சொற்களை வாய்விட்டுப் படித்து, தொட்டு, இரண்டாம் வாரத்துக்குள் போய்விட்டார்.