சென்னையில் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது?

அவசரத்தில் ஆட்டோவில் ஏறிய பிறகு "எங்கே போகணும்?" என்று டிரைவர் கேட்கும்போதுதான் பலர் யோசிக்கவே தொடங்குகிறார்கள். இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை. அங்கே அதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. குழந்தைகளுக்கும் பிரசவத்துக்கும் கண்ணுக்கும் எழும்பூர். மூன்றும் அங்கே தனித்தனி மருத்துவமனைகள். மற்றபடி சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, நாம் ஜி.ஹெச். என்போமே, அதுதான். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி பக்கம்.

சாலை விபத்தா? உடனே 108-ஐ அழையுங்கள். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால், தனியாராகவே இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிப்பிட்ட செலவு வரம்புக்குள் இலவசம். 2021 டிசம்பரிலிருந்தே இது இருக்கிறது. தெரியாமல் நள்ளிரவில் பணம் புரட்ட அலைகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

அப்புறம், ஓ.பி.க்குப் போகும்போது பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள். அம்மாவின் மஞ்சள் பையில் மாத்திரையின் காலி அட்டைகூட இருக்கும். பெயர் மறந்துபோன பிரஷர் மாத்திரையை அந்தக் கசங்கிய அட்டையைப் பார்த்துத்தான் டாக்டர் கண்டுபிடித்தார்.