அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் மாணவராக விண்ணப்பிப்பது எப்படி?

கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் பொதுக் கல்லூரியில்) ஒன்றோ இரண்டோ வருடம் முடித்துவிட்டு, அல்லது இப்போது படிக்கும் பல்கலைக்கழகம் ஒத்துவரவில்லை என்று, அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு மாற நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இடம் கிடைக்குமா என்ற பயம்தான் எல்லோருக்கும் முதலில் வரும். ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) சுமாராக இருந்தால்கூடப் பல இடங்களில் இடம் கிடைத்துவிடும். பணமும் வருடமும் கரைவது வேறொரு விஷயத்தில்: ஏற்கெனவே படித்து முடித்த கிரெடிட்டுகளில் (பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகளில்) எத்தனை உங்கள் புதிய டிகிரிக்குள் கணக்கில் வரும் என்பதில். அதனால் கீழே அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: எப்படிப்பட்ட கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்று பாருங்கள்

பெயருக்குப் பக்கத்தில் 'கிறிஸ்தவ' என்று இருந்தாலும் எல்லா இடத்திலும் விதி ஒன்றல்ல. கலிபோர்னியாவில் உள்ள பயோலா, இளங்கலைக்கு விண்ணப்பிக்கிறவர் கிறிஸ்துவை விசுவாசிக்கிறவராக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இல்லினாயில் உள்ள வீட்டன் கல்லூரியில் மாணவர்கள் ஒரு சமூக உடன்படிக்கையை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். டெக்சஸில் 1845 முதல் இருக்கும் பேய்லர் பாப்டிஸ்டுப் பின்னணி கொண்டது, ஆனால் எந்த மதத்தவரும் சேரலாம். மலிபுவில் உள்ள பெப்பர்டைனும் அப்படித்தான். நோட்டர் டேம் போன்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் உங்கள் சபை எது என்பது நிபந்தனை இல்லை, இறையியல் பாடம் மட்டும் படித்தே ஆக வேண்டும். மோர்மன் சபையின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில், அந்தச் சபையைச் சேராதவரும் ஒரு சபைத் தலைவரின் ஒப்புதல் பெற வேண்டும், கல்விக் கட்டணமும் அவர்களுக்கு அதிகம்.

ஆகவே விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் மூன்று பக்கங்களை வாசித்துவிடுங்கள்: விசுவாச அறிக்கை, மாணவர் நடத்தை விதி, சேப்பல் (வளாக ஆராதனை) விதி. விசுவாச அறிக்கையில் ஆசிரியர்கள் மட்டும் கையெழுத்திடுகிறார்களா, மாணவர்களுமா என்று கவனியுங்கள். நடத்தை விதியில் மது, போதைப்பொருள், பாலுறவு பற்றியெல்லாம் தெளிவாக எழுதியிருப்பார்கள், அதை மீறினால் கல்லூரியை விட்டே அனுப்பும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. நீங்கள் இந்துவோ முஸ்லிமோ எந்த நம்பிக்கையும் இல்லாதவரோ என்றால், எல்லோரையும் சேர்க்கும் இடத்துக்கே விண்ணப்பியுங்கள். இடம் கிடைக்கட்டும் என்று இல்லாத விசுவாச அனுபவத்தை, அதாவது சாட்சியை, கற்பனை செய்து எழுத வேண்டாம். வருடக் கணக்கில் நடிக்க யாராலும் முடியாது.

படி 2: அங்கீகாரம்

இது சின்ன வேலைதான், ஆனால் தவறவிடக் கூடாது. இப்போது படிக்கும் கல்லூரிக்கும் போகப்போகும் கல்லூரிக்கும் எந்த அமைப்பு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது என்று அமெரிக்கக் கல்வித் துறையின் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். வேதாகமக் கல்லூரிகள் சிலவற்றுக்கு மதக் கல்வி நிறுவனங்களுக்கான தனி அமைப்புகளின் அங்கீகாரம் மட்டும் இருக்கும். அதுவும் கல்வித் துறை ஏற்றதுதான், ஆனாலும் அங்கே வாங்கிய கிரெடிட்டை மற்ற பல்கலைக்கழகங்கள் ஏற்க மறுக்கலாம். முதலில் பைபிள் காலேஜ், அப்புறம் பல்கலைக்கழகம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதைச் சேரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

படி 3: கிரெடிட் கணக்கு

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். பட்டத்துக்குப் பொதுவாகச் சுமார் 120 செமஸ்டர் கிரெடிட் தேவை. உங்கள் கல்லூரி, வருடத்தைக் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் நடந்தால் அதை மூன்றில் இரண்டாகக் குறைத்துப் பாருங்கள், அதாவது 90 குவார்ட்டர் கிரெடிட் என்பது 60 செமஸ்டர் கிரெடிட்தான். பெரும்பாலும் சி கிரேடு அல்லது அதற்கு மேல் வாங்கிய பாடங்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். கிரெடிட் மட்டும்தான் கூட வரும், பழைய ஜிபிஏ பொதுவாக வராது. அங்கே போனதும் ஜிபிஏ புதிதாகத் தொடங்கும், அது சிலருக்கு லாபம், சிலருக்கு நஷ்டம்.

'60 கிரெடிட்டும் ஏற்கப்பட்டது' என்று கடிதம் வந்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். ஏற்கப்படுவது ஒன்று, உங்கள் மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) உதவுவது இன்னொன்று. நீங்கள் படித்த உளவியல் பாடத்தை அவர்கள் வெறும் விருப்பப் பாடமாகச் சேர்த்துக்கொண்டு, மேஜருக்கான உளவியலை மறுபடி படி என்று சொல்லலாம். எத்தனை ஏற்றார்கள் என்று கேட்பதோடு நிற்காமல், 'எனக்கு இன்னும் எத்தனை செமஸ்டர் பாக்கி, எந்தெந்தப் பாடம் பாக்கி' என்று எழுத்தில் கேளுங்கள். பல அட்மிஷன் ஆபீஸ்கள் விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) பார்த்து உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். டிரான்ஸ்ஃபராலஜி என்ற தளத்திலும் பல கல்லூரிகளின் பாட ஒப்பீட்டைப் பார்க்கலாம். படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பத்திரமாக எடுத்து வையுங்கள், ஏனென்றால் ஒரு பாடத்தை மறுத்தால் மேல்முறையீடு செய்ய அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கம்யூனிட்டி காலேஜில் பொதுப் பாடங்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன், இனி மேஜர் மட்டும்தான் என்று நினைத்துப் போவீர்கள். அங்கே வேதாகமப் பாடங்கள் காத்திருக்கும். பேய்லரில் வேதாகமம், கிறிஸ்தவப் பாரம்பரியம் என்று இரண்டு பாடங்களும் சேப்பலும் பட்டத்துக்குக் கட்டாயம். பயோலா போன்ற இடங்களில் வேதாகமப் பாடங்கள் இன்னும் அதிகம். அரசுக் கல்லூரியில் எடுத்த 'உலக மதங்கள்' பாடத்தை அதற்கு ஈடாகப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். ஆனால் சில இடங்களில், எவ்வளவு கிரெடிட்டோடு வருகிறீர்களோ அதற்கு ஏற்றபடி டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு இந்தக் கட்டாயத்தைக் குறைக்கிறார்கள். மூன்றாம் வருடத்தில் சேருகிறவருக்குச் சேப்பல் எத்தனை செமஸ்டர், வேதாகமம் எத்தனை கிரெடிட் என்று நேராகக் கேளுங்கள், தயக்கம் வேண்டாம்.

கடைசி 30 கிரெடிட் அளவாவது தங்களிடம் படிக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. அதனால் ரொம்பத் தாமதமாக மாறுவதில் லாபம் குறைவு.

படி 4: டிரான்ஸ்கிரிப்ட்

படித்த எல்லாக் கல்லூரியிலிருந்தும் வேண்டும். ஹைஸ்கூலில் இருக்கும்போதே ஒரு கல்லூரிப் பாடம் எடுத்திருந்தால், ஒரு செமஸ்டர் சேர்ந்து பாதியில் விட்டிருந்தால், அதுவும் சேர்த்தி. மறைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், கொடுத்த இடத்தையும் ரத்து செய்யலாம். நீங்கள் டவுன்லோடு செய்து அனுப்பும் பிடிஎஃப் செல்லாது, கல்லூரியிலிருந்தே நேராகப் போக வேண்டும். பார்ச்மென்ட் போன்ற சேவைகள் வழியாக ஆன்லைனிலேயே அனுப்பலாம். பழைய கல்லூரியில் கட்டண பாக்கி இருந்தால் டிரான்ஸ்கிரிப்ட் நின்றுபோகலாம், முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். ஹைஸ்கூலில் ஏபி தேர்வு (கல்லூரி அளவிலான தேர்வு) எழுதியவர்கள், அதை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து மதிப்பெண்ணைத் தனியாக மறுபடி அனுப்ப வேண்டும். முடித்த கிரெடிட் குறைவாக இருந்தால் ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டும் கேட்பார்கள். வெளிநாட்டில் படித்த கிரெடிட் என்றால் டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனத்திடம் பாடவாரியான மதிப்பீடு வாங்க வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும்.

படி 5: கட்டுரையும் பாஸ்டர் கடிதமும்

சில பல்கலைக்கழகங்கள், பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப்பின் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தை ஏற்கின்றன, சில தங்கள் தளத்திலேயே தனி விண்ணப்பம் வைத்திருக்கின்றன. எதுவானாலும் 'ஏன் மாறுகிறீர்கள்' என்ற கேள்வி வரும். பழைய கல்லூரியைத் திட்டி எழுத வேண்டாம். அங்கே இல்லாத எது இங்கே இருக்கிறது என்று, பாடத்தின் பெயர் சொல்லி எழுதுங்கள்.

விசுவாசக் கட்டுரை கேட்டால், 'நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தேன், சிறுவயதிலேயே ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன்' என்று சபையில் மைக் பிடித்துச் சொல்கிற சாட்சியை அப்படியே எழுதிவிடுகிறோம். அதில் தப்பு இல்லை, ஆனால் வாசிக்கிறவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறீர்களா, பாடகர் குழுவில் இருக்கிறீர்களா, எந்தக் கேள்வியோடு போராடினீர்கள் என்று எழுதுங்கள். சந்தேகம் வந்த காலத்தைப் பற்றியும் எழுதலாம், அதற்காக யாரும் தள்ளிவிட மாட்டார்கள்.

பாஸ்டரிடம் பரிந்துரை கேட்கும்போது ஒன்று: உறவினர் எழுதக் கூடாது என்பது வழக்கமான விதி, அதனால் அப்பாவே பாஸ்டர் என்றால் வேறு சபை மூப்பரையோ வாலிபர் குழுத் தலைவரையோ கேளுங்கள். தமிழ்ச் சபை என்றால் ஐயாவுக்கு ஆங்கிலப் படிவம் கொஞ்சம் சிரமமாக இருக்கலாம். ஈமெயில் லிங்கை அனுப்பியதோடு விட்டுவிடாமல், கூட உட்கார்ந்து படிவத்தில் என்ன கேட்கிறார்கள் என்று காட்டுங்கள், பதிலை மட்டும் அவரே எழுதட்டும். மாதக் கணக்கில் திறக்கப்படாமல் கிடக்கும் ஈமெயில் இதுவாகத்தான் இருக்கும்.

படி 6: பணம்

எல்லாம் தனியார் பல்கலைக்கழகங்கள், கட்டணத்தைப் பார்த்ததும் தலை சுற்றும். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் ஃபாஃப்சாவில் (மத்திய அரசின் நிதி உதவி விண்ணப்பத்தில்) புதிய பல்கலைக்கழகத்தின் குறியீட்டு எண்ணைச் சேர்க்க வேண்டும், பழைய இடத்து உதவி தானாகக் கூட வராது. கலிபோர்னியாவின் கால் கிரான்ட், டெக்சஸின் டிஇஜி போன்ற மாநில உதவிகளைத் தகுதியுள்ள தனியார் கல்லூரிகளிலும் பயன்படுத்தலாம். கம்யூனிட்டி காலேஜில் ஃபை தீட்டா கப்பாவில் (நன்றாகப் படிக்கிறவர்களுக்கான கௌரவச் சங்கத்தில்) உறுப்பினராக இருந்தால் அதற்கென்றே டிரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப் வைத்திருக்கும் இடங்கள் நிறைய. இன்னொன்றைப் பலர் கேட்பதே இல்லை: உங்கள் சபை கொடுக்கும் உதவித்தொகைக்கு ஈடாகப் பல்கலைக்கழகமும் ஒரு தொகை போடும் திட்டம் சில இடங்களில் இருக்கிறது. சபைக் கமிட்டி கூடி முடிவெடுத்து செக் அனுப்பக் கெடு உண்டு, எனவே சீக்கிரமே பேசிவையுங்கள்.

படி 7: எஃப்-1 விசாவில் (மாணவர் விசாவில்) இருப்பவர்களுக்கு மட்டும்

இடம் கிடைத்ததும் இப்போதைய கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓவிடம் அந்தக் கடிதத்தைக் காட்டி, உங்கள் செவிஸ் பதிவை (அரசின் மாணவர் விசாக் கணினிப் பதிவை) புதிய இடத்துக்கு எந்தத் தேதியில் விடுவிக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகுதான் புதிய இடம் ஐ-20 (மாணவர் விசாத் தகுதிச் சான்று) கொடுக்க முடியும். விடுவிக்கும் தேதியிலிருந்து 5 மாதத்துக்குள் அடுத்த வகுப்பு தொடங்க வேண்டும், படிப்பு தொடங்கும் தேதியிலிருந்து 15 நாளுக்குள் புதிய டிஎஸ்ஓவிடம் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தால், விடுவிக்கும் தேதியோடு பழைய கல்லூரி வழியாக வந்த வேலை அனுமதியும் முடிந்துவிடும், தேதி குறிக்கும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: இடம் கிடைத்த பிறகு

டெபாசிட் கட்டும் முன் இரண்டு காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்: முழு கிரெடிட் மதிப்பீடு, நிதி உதவிக் கடிதம். மதிப்பீடு இன்னும் வரவில்லை என்றால் டெபாசிட் கெடுவைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் சம்மதிப்பார்கள். அப்புறம் இப்போது படித்துக்கொண்டிருக்கும் செமஸ்டர் முடிந்து கிரேடு ஏறியதும் இறுதி டிரான்ஸ்கிரிப்டை மறுபடி அனுப்புங்கள். அது போய்ச் சேரவில்லை என்றால் அந்தச் செமஸ்டரின் கிரெடிட்டுகள் கணக்கில் ஏறாது, அடுத்த பாடங்களுக்குப் பதிவு செய்யப் போகும்போது சிஸ்டம் தடுத்துவிடும்.